கொழும்பில் தங்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: வீடு, கரண்ட், கடை, பயணம், காசு

லண்டனில் 16 வருடம் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக வெள்ளவத்தைக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. கடவுச்சீட்டு பிரித்தானியாவுடையது என்பதால் இங்கே நானும் விசாவோடு இருக்கும் வெளிநாட்டுக்காரிதான். கனடாவிலும் ஜெர்மனியிலும் இருந்து வரும் சொந்தக்காரர், அவர்களின் சிநேகிதர், சென்னையிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்கள் என்று பலர் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்தப் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் விலையைவிட, காசு எந்த வழியாகப் போகிறது என்பதையே கூடுதலாகச் சொல்கிறேன்.

மாதம் எவ்வளவு காசு இருந்தால் போதும்?

ஒரே மாடிக் கட்டடத்தில், ஒரே அளவு வீட்டில் இருக்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு செலவழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் தொகை சொல்வதில் பயனில்லை. காரணத்தைச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் எதைப் பார்த்தாலும் மனதுக்குள் பவுணுக்கோ டொலருக்கோ மாற்றிப் பார்ப்பார்கள். இளநிக்காரர் 50 ரூபா கூடக் கேட்டால் "பன்னிரண்டு பென்ஸ்தானே" என்று தோன்றும். ஆட்டோக்காரர் 300 ரூபா கூடச் சொன்னால் "லண்டனில் ஒரு தேத்தண்ணிக்கும் காணாது" என்று தோன்றும். ஒரு நாளைக்கு இப்படி ஆறு ஏழு தடவை தோன்றினால், மாதக் கடைசியில் ஒரு வாடகைப் பங்கு போயிருக்கும். எங்கே போனது என்றே தெரியாது.

நான் செய்வது இதுதான். மாதம் முதலாம் திகதி, அந்த மாதத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் ரூபாவாக மாற்றி இங்குள்ள கணக்கில் போட்டுவிடுவேன். வாடகையும் பில்களும் ஒரு பக்கம். மிச்சத்தை நாலாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பங்கு. அதற்குப் பிறகு பவுண் என்ற சொல்லையே நினைக்க மாட்டேன். பக்கத்து வீட்டு ஆசிரியர் ஒரு கிலோ தக்காளிக்கு என்ன கொடுக்கிறாரோ அதுதான் எனக்கும் விலை. இந்த ஒரு பழக்கம் வந்தால், கீழே சொல்லும் பாதி விஷயங்கள் தானாகவே கைவந்துவிடும்.

எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?

தமிழ் ஆட்கள் எல்லோரும் முதலில் சொல்வது வெள்ளவத்தை. கோயில், சைவக் கடை, தமிழில் கதைக்கும் பாமசி, இடியப்பம் வாங்கும் கடை எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. அந்த வசதிக்கும் பெயருக்கும் சேர்த்துத்தான் வாடகை. காலி வீதியில் பஸ்ஸில் கொஞ்சம் தள்ளித் தெஹிவளைக்குப் போனால் அதே அளவு வீடு பெரும்பாலும் குறைவாகக் கிடைக்கும். கொட்டாஞ்சேனை பழைய தமிழ் இடம், புறக்கோட்டைக்குக் கிட்ட. ஆனால் துறைமுகத்து லொறி நெரிசலைச் சகிக்க வேண்டும்.

வெள்ளவத்தையிலேயே என்றால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். காலி வீதிக்குக் கடல் பக்கமா, உள் பக்கமா? கடல் பக்கத்து வீட்டைக் காலையில் காட்டுவார்கள். காற்றும் காட்சியும் மனதை அள்ளும். ஆனால் கொழும்பின் கடல் மேற்கில் இருக்கிறது. இரண்டு மணிக்குப் பிறகு வெயில் நேராக அறைக்குள் வரும். சுவர் சூடேறி இரவு பத்து மணி வரைக்கும் தணியாது. அந்தச் சூடு உங்கள் ஏசி பில்லில் தெரியும். உப்புக் காற்றில் குளிர்சாதனப் பெட்டி, காஸ் அடுப்பு, ஏசியின் வெளிப்பெட்டி எல்லாம் துருப்பிடிக்கும். ரயில் பாதையும் அந்தப் பக்கம்தான். நான் முதல் இரண்டு வருடம் கடல் பக்கம் இருந்துவிட்டு உள் பக்கத்துக்கு மாறினேன். வீட்டைப் பின்னேரம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். முடிந்தால் மழை பெய்த அடுத்த நாள் ஒரு தடவை போய், அந்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்கள். மாடிக் கட்டடம் என்றால் லிஃப்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா, பராமரிப்புக் காசு வாடகைக்குள் அடங்குமா வேறாகவா என்று கேளுங்கள்.

அட்வான்ஸ் ஆறு மாதம், ஒரு வருடம் என்று கேட்கிறார்களே, கொடுக்கலாமா?

கேட்பது வழக்கம்தான். ஆனால் அது பேசித் தீர்க்கக்கூடிய தொகை. ஒரு வருட வாடகையை ஒன்றாகக் கொடுக்கிறீர்கள் என்றால், அந்தக் காசை வீட்டுக்காரர் நிலையான வைப்பில் போட்டால் எவ்வளவு வட்டி வரும் என்று கணக்குப் பாருங்கள். அந்த அளவையாவது வாடகையில் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். பலர் சம்மதிப்பார்கள். மாறாக மாதாமாதம் கொடுப்பது என்றால், வங்கியிலிருந்து தானாகப் போகும்படி செய்து தருகிறேன் என்று சொல்லி அட்வான்ஸைக் குறைக்கப் பாருங்கள்.

வாடகையை டொலரில் எழுதச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டது. ரூபாவில் ஒப்பந்தம் எழுதி, வெளிநாட்டு வருமானத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த நேரம் வாடகை பாரம் குறைந்தது. டொலரில் எழுதி, இங்கே ரூபாவில் சம்பளம் எடுத்தவர்கள் வீட்டை விட்டே போக வேண்டி வந்தது.

என் முதல் வீட்டுக்காரர், நான் வெளிக்கிடும்போது சுவரில் பெயின்ற் போனது, யன்னல் கம்பி துருப்பிடித்தது என்று சொல்லி அட்வான்ஸில் பெரிய பங்கைப் பிடித்துக்கொண்டார். துரு நான் வரும்போதே இருந்தது. என்னிடம் ஆதாரம் இல்லை. அதனால் சாவி வாங்கும் அன்றே ஒவ்வொரு அறையையும் கைபேசியில் வீடியோ எடுத்து, அதை வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். திகதியோடு இருவரிடமும் இருக்கும். சாமான் பட்டியலில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் நொத்தாரிசின் முன் எழுதப்படட்டும். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் கையெழுத்துக்கு முன் வரி வரியாகத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். தரகர் காசு எவ்வளவு என்பதை வீடு பார்க்கப் போகும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கரண்ட் பில் ஏன் இவ்வளவு வருகிறது?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லண்டனில் யூனிட்டுக்கு ஒரு விலை, எவ்வளவு பாவித்தாலும் ஏறக்குறைய அதே விலை என்று பழகிவிட்டோம். இங்கே வீட்டு மின்சாரம் படிப் படியாக விலை ஏறும். மாதம் 60 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 60-ஐத் தாண்டினால் முழுக் கணக்கும் வேறு படிகளுக்கு மாறிவிடும்: 60 வரை ஒன்று, 90 வரை ஒன்று, 120 வரை, 180 வரை, அதற்கு மேல் என்று. மேலே போகப் போக யூனிட் விலை கூடும். மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். ஆகவே 170-இல் இருந்து 190-க்குப் போவது வெறும் 20 யூனிட் வித்தியாசம் அல்ல. கடைசிப் படியில் கால் வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இதில் அனெக்ஸ், அதாவது வீட்டுக்காரரின் வீட்டோடு சேர்ந்த பகுதி, எடுப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் ஒரே மீட்டர் என்றால், நீங்கள் 100 யூனிட், அவர்கள் 100 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனி மீட்டர் இருந்தால் இருவரும் 120-க்குள் நிற்பீர்கள். ஒரே மீட்டரில் அது 200. இருவருமே கடைசிப் படியின் விலையைச் சுமப்பீர்கள். பில்லைப் பாதியாகப் பிரித்தாலும் நட்டம்தான். எனக்கு முதல் வருடம் இது தெரியாமல் போனது. ஒவ்வொரு மாதமும் என்னுடைய பாவனையையே குறைத்துக் குறைத்துப் பார்த்தேன், பில் குறையவில்லை. அனெக்ஸ் பார்க்கப் போகும்போது முதல் கேள்வி "மீட்டர் தனியா?" என்பதாக இருக்கட்டும். தனி இல்லை என்றால் வாடகையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது வேறு இடம் பாருங்கள்.

எது எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்தால் குறைப்பது சுலபம். ஒரு மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. ஒரு சாதாரண படுக்கையறை ஏசி இரவு ஆறேழு மணி நேரம் ஓடினால் மூன்று முதல் ஐந்து யூனிட் வரை போகும். மாதத்துக்கு 90 முதல் 150 வரை. குளியலறையில் உடனடியாகத் தண்ணீர் சுட வைக்கும் ஹீட்டர் பத்து நிமிடத்தில் முக்கால் யூனிட் அளவு எடுக்கும். கொழும்பின் குழாய்த் தண்ணீர் பகலில் தானாகவே சூடாகத்தான் வருகிறது, தேவையில்லை. ஏசியை 26-இல் வைத்து மின்விசிறியையும் சேர்த்துப் போடுங்கள். இன்னும் குறைத்து வைத்ததுபோல்தான் இருக்கும். மேற்கு யன்னலுக்குத் தடித்த திரை போட்டு, மதியம் ஒரு மணிக்கே இழுத்துவிடுங்கள். நான் இதைச் செய்த பிறகு மாலையில் ஏசி போடும் தேவை பெருமளவு குறைந்தது.

மீட்டரை ஒவ்வொரு ஞாயிறும் ஒரு படம் எடுத்துவையுங்கள். மூன்றாம் வாரத்தில் 110-இல் நின்றால், மிச்ச நாட்களில் 120-க்குள் முடியாது, 180-க்குள் வைத்திருக்கலாம் என்று தெரியும். கட்டணத்தைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அவ்வப்போது திருத்தும். அப்போது புதிய படிகளை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் பில்லும் இதே மாதிரியா?

ஆம், அதுவும் படி முறைதான். ஒரு யூனிட் என்பது 1,000 லீற்றர். வழக்கத்தைவிட அதிகம் வந்தால் மலசலகூடத்து சிஸ்டர்ன் சத்தமில்லாமல் ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து எந்தச் சாமான் கொண்டு வருவது?

கனடா, அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் மிக்ஸி, ஹெயர் ட்ரையர், ரைஸ் குக்கர் எதையும் கொண்டு வராதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. சொருகியவுடன் கருகிவிடும். கைபேசி, மடிக்கணினி சார்ஜர்களில் பெரும்பாலும் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருக்கும், அவை பரவாயில்லை. பிரித்தானியாவிலிருந்து வருபவர்களுக்கு வோல்ட் பிரச்சினை இல்லை. புதிய வீடுகளில் அங்கேயுள்ள அதே சதுர முள் பிளக் இருக்கும். பழைய வீடுகளில் உருண்டை முள். அதற்கு அடப்டர் இங்கேயே மலிவாக வாங்கலாம்.

கொண்டு வரத் தகுந்தது வேறு: நீங்கள் வழக்கமாகப் போடும் குளிசைகள் மூன்று மாதத்துக்கு, மருந்துச் சீட்டோடு. மூக்குக் கண்ணாடியின் அளவுச் சீட்டு. அவ்வளவுதான். சொக்லேட் பெட்டிகளைச் சுமந்து வரும் இடத்தில் இவற்றை வையுங்கள்.

காஸ்?

12.5 கிலோ சிலிண்டர் ஒன்று, கூடவே 5 கிலோ ஒன்று. 2022-இல் காஸுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதைப் பார்த்ததிலிருந்து, சின்னச் சிலிண்டர் இல்லாமல் நான் இருப்பதில்லை. வெறும் சிலிண்டர் வீட்டோடு வருகிறதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். புதிதாக வாங்கினால் சிலிண்டருக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டும்.

மரக்கறி, மீன் எங்கே வாங்குவது நல்லது?

சூப்பர் மார்க்கெட்டில் சுத்தமாக அடுக்கி இருக்கும், கார்டுக்குக் கழிவும் (விலைக் குறைப்பு) இருக்கும். சில வங்கிக் கார்டுகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் மரக்கறிக்குக் கழிவு தருவார்கள். அந்த நாள் தெரிந்தால் அங்கே வாங்குவதில் தப்பில்லை. மற்ற நாட்களில் வெள்ளவத்தைச் சந்தை, நாரஹேன்பிட்டிப் பொருளாதார மத்திய நிலையம், வார இறுதியில் கூடும் சந்தைகள். பருப்பு, சீனி, அரிசிக்கு அரசின் கடையான லங்கா சதொசவையும் ஒரு தடவை பாருங்கள்.

பருவத்தைத் தெரிந்துகொள்வது கழிவைவிடப் பெரிய மிச்சம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி எல்லாம் ஏறும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை இந்தப் பக்கத்துக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். மீன் கிழக்கிலிருந்து வர வேண்டும், விலையும் அதற்கேற்ப ஏறும். அந்த மாதங்களில் அறக்குளா, பாரை என்று அடம்பிடிக்காமல் சூடை மீனும் சாலை மீனும் வாங்குங்கள். அதே ஜூன், ஜூலையில்தான் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவியும். அந்த நேரம் இறக்குமதி அப்பிளும் முந்திரிகையும் (திராட்சை) வாங்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. இறக்குமதிப் பொருளில் வரி ஏறியிருக்கும். சீஸ், தானியப் பெட்டி, ஒலிவ் எண்ணெய் மூன்றையும் நிறுத்திப் பாருங்கள், சாப்பாட்டுச் செலவு எப்படிச் சுருங்குகிறது என்று தெரியும். காலையில் இடியப்பமும் சம்பலும் சொதியும், மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சல், சட்டியில் எருமைத் தயிர். இதற்காகத்தானே அங்கே இருக்கும்போது ஏங்கினோம்.

பொதி செய்த சாமானில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது. குளிர்பானத்துக்குக் "குளிர வைத்த காசு" என்று பத்து ரூபா கூடக் கேட்டாலும் அது சட்டப்படி தப்பு. அமைதியாக விலையைக் காட்டினாலே போதும். கேட்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கம் இருக்கிறது.

புறக்கோட்டைக்குப் போவது பிரயோசனமா? எனக்கு அங்கே தலை சுற்றுகிறது.

முதல் தடவை எல்லோருக்கும் சுற்றும். தெருவுக்குத் தெரு வியாபாரம் வேறு என்று தெரிந்துவிட்டால் நேரே போய் நேரே வரலாம். துணிக்குக் கெய்சர் வீதி. மின்சாரச் சாமானுக்கு முதலாம் குறுக்குத் தெரு. மிளகாய், வெங்காயம், பருப்பு, பலசரக்குக்கு நான்காம் குறுக்குத் தெரு. மூலிகை, சித்த ஆயுர்வேதச் சரக்குக்குக் கேபோஸ் லேன். நகைக்குச் செட்டியார் தெரு. அந்தத் தெருவிலிருந்துதான் ஆடிவேல் தேரும் வெளிக்கிடும். வழி தவறினால் இரண்டாம் குறுக்குத் தெருவில் இருக்கும் சிவப்புப் பள்ளிவாசலை விசாரியுங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கட்டடம், யாரும் காட்டுவார்கள். மரக்கறிக்காக மட்டும் போகாதீர்கள். பழைய மெனிங் சந்தை 2020-இல் பெலியகொடைக்குப் போய்விட்டது. மீன் மொத்தச் சந்தையும் அங்கேதான்.

நான் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, வார நாளில் காலை ஒன்பதரைக்குப் போவேன். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மஞ்சள், பாத்திரம் கழுவும் சாமான். போகும் முன் வீட்டுக்குப் பக்கத்துக் கடை விலையைத் தாளில் எழுதிக்கொண்டு போவேன். இல்லாவிட்டால் மலிவா இல்லையா என்றே தெரியாது. ஒரு கிலோ சீரகத்துக்காக ஆட்டோவில் போய் வந்தால் மிச்சம் இல்லை. பஸ்ஸில் போங்கள், அல்லது அயலில் இரண்டு வீடு சேர்ந்து வாங்குங்கள். அங்கே வியாபாரம் செய்பவர்களில் பலர் முஸ்லிம்கள், தமிழ் நன்றாகக் கதைப்பார்கள். "நானா, கடைசி விலை சொல்லுங்கோ" என்று மரியாதையாகக் கேளுங்கள். பாதி விலைக்குக் கேட்டு அவமானப்படுத்த வேண்டாம். அங்கே நிற்பவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

சாப்பாட்டுக் கடைப் பட்டியலில் இருந்த விலையும் பில்லும் ஏன் வேறு?

பெரிய உணவகங்களில் பட்டியல் விலைக்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகைக்கு மேல் 18 சதவீதம் வற் வரி போடுவார்கள். 1,000 ரூபா என்று பார்த்தது 1,298 ஆகும். பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். சேவைக் கட்டணம் எடுத்திருந்தால் தனியாக ரிப்ஸ் கட்டாயமில்லை.

பஸ்ஸா, ரயிலா, ஆட்டோவா?

காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் புறக்கோட்டைக்குப் போகும். 155 மட்டக்குளி வரை போகும், கொட்டாஞ்சேனைப் பக்கம் போக அது வசதி. கோட்டையில் வேலை என்றால் ரயிலை விடாதீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று கடலோரமாகப் போய், கொம்பனித்தெரு, கோட்டைக்குப் போகும். காலி வீதி நெரிசலில் ஆட்டோ ஊரும் நேரத்தில் நீங்கள் இறங்கியிருப்பீர்கள், அதுவும் மிகக் குறைந்த காசில். அலுவலக நேரத்தில் மட்டும் நெருக்கமாக இருக்கும்.

ஆட்டோவுக்குப் பிக்மீ அல்லது ஊபர் செயலி. தெருவில் மறித்து ஏறினால் மீட்டர் போடச் சொல்லுங்கள். விமான நிலையத்துக்கு, பெரிய பெட்டி இல்லை என்றால், 187 இலக்க பஸ் அதிவேகப் பாதையால் கட்டுநாயக்கவுக்குப் போகிறது.

யாழ்ப்பாணம் போக வெள்ளவத்தையிலிருந்தே இரவு பஸ்கள் வெளிக்கிடும். ரயிலில் இருக்கை முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும், தைப்பொங்கலும், நத்தாரும் என்றால் திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் வான் பிடித்தால் செலவு பல மடங்கு.

காசை எங்கே மாற்றுவது? கணக்கு திறக்கலாமா?

மத்திய வங்கி அனுமதிப் பத்திரம் மாட்டியிருக்கும் நாணய மாற்றுக் கடை, அல்லது வங்கி. இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு மாற்றுங்கள், இரசீதைக் கட்டாயம் வாங்குங்கள். வெளிநாட்டுக் கார்டை ஏரிஎம்மில் போட்டால், "உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா?" என்று திரை கேட்கும். எப்போதும் ரூபாவைத் தெரிவு செய்யுங்கள். மற்றதில் அவர்கள் வைக்கும் மாற்று விலை உங்களுக்குப் பாதகமாக இருக்கும். ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டு என்பதால் அடிக்கடி சின்னத் தொகை எடுக்காதீர்கள்.

நீண்ட காலம் இருப்பதென்றால் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து, பவுணாகவோ டொலராகவோ வைத்துக்கொண்டு, வேண்டியபோது மாற்றலாம். திரும்பிப் போகும்போது வெளியே அனுப்பவும் வழி இருக்கும். ரூபா வட்டி உயர்வாக இருக்கிறது என்று எல்லாக் காசையும் ரூபா வைப்பில் போட வேண்டாம், 2022-ஐ மேலே சொன்னேன். வட்டியில் 10 சதவீதம் முன்கூட்டியே வரியாகப் பிடிப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைக்கும்தான். பெரிய வட்டி விளம்பரத்தைப் பார்த்து அதற்கு மேல் போடும் முன் இதை நினையுங்கள்.

உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு அனுப்பும் முறை) விலை கூடக் கிடைக்கிறதே?

வேண்டாம். அது சட்டவிரோதம். காசு வராவிட்டால் முறையிட ஓர் இடமும் இல்லை. பிறகு வீடு வாங்கவோ காசைத் திருப்பி அனுப்பவோ வங்கி "எப்படி வந்தது" என்று கேட்டால் காட்ட ஒரு தாளும் இருக்காது.

நான் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். யூபிஐ வேலை செய்யுமா?

இந்தியாவின் கைபேசிக் கட்டண முறையான யூபிஐ, 2024 பெப்ரவரி 12 முதல் இலங்கையிலும் உண்டு. லங்கா கியூஆர் குறியீடு வைத்திருக்கும் பல கடைகளில் கொடுக்கலாம். சின்னக் கடைகளுக்கும் பஸ்ஸுக்கும் சில்லறை கையில் இருக்கட்டும்.

வருத்தம் வந்தால் என்ன செய்வது?

அவசரம் என்றால் 1990. சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. இந்த இலக்கத்தை வீட்டில் எல்லோருடைய கைபேசியிலும் போட்டுவையுங்கள், வீட்டு வேலைக்கு வருபவர் கைபேசியிலும்.

தனியார் வைத்தியசாலையில் விசேட வைத்தியரைப் பார்க்க முன்கூட்டியே "சனல்" பண்ண, அதாவது நேரம் பதிவு செய்ய வேண்டும். ஒரே வைத்தியர் நாலு இடத்தில் பார்ப்பார், வைத்தியசாலைக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்துக்கு அரசின் ஒசுசல பாமசிகள் நல்லவை. நகர மண்டபத்துக்குக் கிட்டப் பெரியது ஒன்று இருக்கிறது. கம்பனிப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப் பெயரை எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள். அம்மாவின் பிரஷர், கொலஸ்ட்ரோல் குளிசைகளை அப்படி மாற்றியதில் மாதச் செலவு நன்றாகக் குறைந்தது.

ஆனால் காய்ச்சலில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். கொழும்பில் டெங்கு எப்போதும் உண்டு, மழைக்காலத்தில் கூடும். பரசிற்றமோல் தவிர இபுப்ரோபன், அஸ்பிரின் எதையும் தொடாதீர்கள், இரத்தப்போக்கு ஆபத்து. வைத்தியரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஆறுதலாக இருக்கும் நேரம்தான் டெங்கில் மிக ஆபத்தான நேரம். பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, ஏசித் தண்ணீர் விழும் வாளி ஆகியவற்றை வாரத்துக்கு ஒரு தடவை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

சிங்களம் தெரியாது. சமாளிக்கலாமா?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் போதும். ஆனால் "கீயத?", எவ்வளவு என்று சிங்களத்தில் கேட்பவருக்கும் ஆங்கிலத்தில் கேட்பவருக்கும் சொல்லும் விலையில் சில இடங்களில் வித்தியாசம் இருக்கும். ஒன்று முதல் ஆயிரம் வரை எண்கள் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. ஒரு மாதத்தில் படிக்கலாம். விலையைத் தாண்டி, பஸ் நடத்துனரும் பக்கத்து வீட்டு அம்மாவும் அதற்குப் பிறகு உங்களோடு கதைக்கும் முறையே மாறும்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு என்ன கொடுப்பது? அயலில் குறைவாகத்தான் கொடுக்கிறார்களாம்.

இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் முடிவு. 2022-க்குப் பிறகு அரிசி, பஸ் காசு, பிள்ளைகளின் கொப்பி எல்லாம் ஏறிவிட்டன. அயலில் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுங்கள், மாதக் கடைசி நாளிலேயே கொடுங்கள், பஸ் காசைத் தனியாகக் கொடுங்கள். தீபாவளிக்கோ புத்தாண்டுக்கோ ஒரு மாதச் சம்பளம் மேலதிகமாகக் கொடுப்பது நாங்கள் பழக்கிக்கொண்டது. எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா கண்டியிலிருந்து வந்தவர். கரண்ட் மீட்டரைக் கவனிப்பதும், எந்த மீன்காரர் நல்லவர் என்று எனக்குச் சொன்னதும் அவர்தான்.

திரும்பிப் போகும்போது கவனிக்க வேண்டியது?

இரண்டு மாதத்துக்கு முன் எழுத்தில் அறிவித்தல் கொடுங்கள். கடைசி நாள் கரண்ட், தண்ணீர் மீட்டர்கள் இரண்டையும் வீட்டுக்காரரோடு சேர்ந்து நின்று படம் எடுங்கள். முதல் நாள் எடுத்த வீடியோவைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அறையையும் மறுபடி எடுங்கள். அட்வான்ஸ் கைக்கு வரும் நாளுக்குப் பிறகு விமானச் சீட்டைப் போடுங்கள். நாட்டை விட்டுப் போனபிறகு அந்தக் காசை வாங்குவது மிகக் கஷ்டம். காஸ் சிலிண்டர், மின்விசிறி, பாத்திரங்களை விற்கத் திரியாமல், வேலைக்கு வந்த அக்காவிடமோ மாடிக் காவலரிடமோ தேவையா என்று முதலில் கேளுங்கள்.